மல்யுத்த வரலாறு எழுதும் தமிழ் நண்பர்களுக்கு: வாட்டர்லூவிலிருந்து தொடங்குங்கள்

அன்புள்ள நண்பர்களே,

தொழில்முறை மல்யுத்தம் பற்றித் தமிழில் எழுதுகிறவர்களும் காணொளி செய்கிறவர்களும் பெருகி வருவது எங்களுக்கு மகிழ்ச்சி. உங்களில் பலர் கதையை 1980-களின் நியூயார்க்கில் தொடங்குகிறீர்கள். அங்கே தொடங்கினால் அதற்குப் பின்னால் நடக்கும் பாதி விஷயங்களுக்குக் காரணம் சொல்ல முடியாது. அந்தக் காரணங்கள் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், டிராக்டர் தொழிற்சாலைக்குப் பெயர்போன வாட்டர்லூ என்ற சிறு நகரத்தில் இருக்கின்றன.

1948 ஜூலை 18 அன்று அந்த ஊரின் பிரெசிடென்ட் ஹோட்டலில் புரமோட்டர்கள், அதாவது மல்யுத்தப் போட்டிகளை நடத்துபவர்கள், சிலர் கூடினார்கள். டி மாயின் நகரின் பிங்கி ஜார்ஜ், செயின்ட் லூயிஸின் சாம் மச்னிக், கேன்சஸ் சிட்டியின் ஆர்வில் பிரவுன் ஆகியோர் அதில் இருந்தனர். அங்கே பிறந்ததுதான் நேஷனல் ரெஸ்லிங் அலையன்ஸ் என்ற கூட்டணி, அதாவது என்.டபிள்யூ.ஏ. அவர்கள் செய்துகொண்ட ஏற்பாடு எளிமையானது. ஒருவர் பகுதியில் இன்னொருவர் போட்டி நடத்தக் கூடாது. ஒருவரை ஏமாற்றிய வீரனுக்கு மற்ற யாரும் வாய்ப்புத் தரக் கூடாது. எல்லோருக்கும் ஒரே உலகச் சாம்பியன். அவர் ஊர் ஊராகப் போய் உள்ளூர் நட்சத்திரங்களோடு மோதுவார். இந்த ஏற்பாடு வீரர்களின் கழுத்தை நெரித்தது என்பதையும் எழுதுங்கள். அமெரிக்க நீதித் துறை ஏகபோகத் தடைச் சட்டத்தைக் கையில் எடுத்ததும், 1956 அக்டோபரில் கூட்டணி இந்த நடைமுறைகளைக் கைவிடுவதாக ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டது.

தவறு அதிகம் நடப்பது பெயரில். நேஷனல் ரெஸ்லிங் அசோசியேஷன் என்று ஓர் அமைப்பு 1930-லேயே இருந்தது. அது குத்துச்சண்டைச் சங்கத்தின் கிளை. பிங்கி ஜார்ஜும் வாட்டர்லூ கூட்டத்துக்கு முன்பே தன் அயோவா போட்டிகளுக்கு நேஷனல் ரெஸ்லிங் அலையன்ஸ் என்ற பெயரைப் பயன்படுத்தியிருக்கிறார். மூன்றுக்கும் சுருக்கம் ஒன்றே. ஆகவே 1948-க்கு முந்தைய செய்தியில் 'என்.டபிள்யூ.ஏ. பட்டம்' என்று கண்டால், எது என்று பார்க்காமல் எழுதாதீர்கள். 'வாட்டர்லூ' என்று மட்டும் எழுதினால் வாசகர் நெப்போலியனிடம் போய்விடுவார். முதல்முறை குறிப்பிடும்போதே அயோவாவைச் சேர்த்துவிடுங்கள்.

அடுத்தது, மல்யுத்த வீரர் லூ தெஸ், கூட்டணியின் முதல் சாம்பியனான ஆர்வில் பிரவுனை வீழ்த்திப் பட்டம் வென்றார் என்ற வரி. அந்தப் போட்டி நடக்கவே இல்லை. 1949 நவம்பர் 25-க்கு செயின்ட் லூயிஸில் நாள் குறித்திருந்தார்கள். நவம்பர் 1 அன்று கார் விபத்தில் பிரவுன் படுகாயமடைந்து, வீரராக அவர் வாழ்க்கை முடிந்தது. அசோசியேஷன் பட்டத்தை ஏற்கெனவே வைத்திருந்த தெஸ்ஸுக்கே கூட்டணிப் பட்டமும் நவம்பர் 27 அன்று வழங்கப்பட்டது.

நம் வாசகர்களை நேராகத் தொடும் பிழை, இந்திய மல்யுத்த வீரர் தாரா சிங் தெஸ்ஸை வென்று உலகச் சாம்பியன் ஆனார் என்பது. 1968 மே மாதம் பம்பாயில் அவர் தெஸ்ஸை வென்றது உண்மை, பெருமைக்குரியது. ஆனால் தெஸ் 1966 ஜனவரி 7 அன்றே ஜீன் கினிஸ்கியிடம் பட்டத்தை இழந்திருந்தார். கினிஸ்கி 1969 பிப்ரவரி வரை சாம்பியனாக இருந்தார். அதனால் வாட்டர்லூவில் தொடங்கிய பட்ட வரிசையில் தாரா சிங் பெயர் இல்லை. 'முன்னாள் உலகச் சாம்பியன் தெஸ்ஸை வென்றார்' என்று எழுதுங்கள். தாரா சிங்குக்கு அதில் ஒரு குறையும் இல்லை.

டபிள்யூ.டபிள்யூ.இ.யின் பிறப்பும் இந்த வரிசையிலிருந்து பிரிந்ததுதான். 1963 ஜனவரி 24 அன்று டொராண்டோவில் தெஸ், அப்போதைய கூட்டணிச் சாம்பியன் பட்டி ராஜர்ஸை ஒரே ஒரு முறை வீழ்த்திப் பட்டத்தை எடுத்தார். உலகப் பட்டப் போட்டி என்றால் மூன்றுக்கு இரண்டு முறை வீழ்த்துவதுதான் வழக்கம். அதைச் சாக்காக வைத்து வடகிழக்குப் புரமோட்டர்கள் முடிவை ஏற்க மறுத்து, தனி அமைப்பும் தனிப் பட்டமும் உருவாக்கினார்கள். மே 17 அன்று புரூனோ சம்மார்டினோ 48 நொடிகளில் ராஜர்ஸிடமிருந்து அந்தப் பட்டத்தைப் பறித்தார். 1971-ல் அந்த அமைப்பு மீண்டும் கூட்டணியில் சேர்ந்தது. 1983-ல்தான் ஒரேயடியாக விலகியது. 'ஒருமுறை பிரிந்தது' என்று எழுதினால் நடுவே உள்ள 12 ஆண்டுகள் காணாமல் போகும்.

1991-ல் மல்யுத்த வீரர் ரிக் ஃபிளேர் வேறொரு நிறுவனத்தின் சாம்பியன் பெல்ட்டோடு டபிள்யூ.டபிள்யூ.எஃப்.-க்கு (டபிள்யூ.டபிள்யூ.இ.யின் அன்றைய பெயர்) வந்ததைத் தொலைக்காட்சித் தந்திரம் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகாதீர்கள். சாம்பியன் பெல்ட்டோடு ஓடிவிடாமல் இருக்க அவரிடம் பிணைத்தொகை வாங்கி வைப்பது கூட்டணியின் பழைய வழக்கம். ஃபிளேர் கட்டியிருந்தது 25,000 டாலர். அது திரும்பி வராததால் பெல்ட் அவர் கையிலேயே இருந்தது.

வாட்டர்லூவில் உள்ள மல்யுத்த அருங்காட்சியகத்தைப் பற்றி எழுதும்போது ஒரு கவனம் தேவை. அது டேன் கேபிள் பெயரில் உள்ளது. அதே 1948-ல் அதே ஊரில் பிறந்த அவர் அமெச்சூர் வீரர். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் ஒரு புள்ளிகூட விட்டுக்கொடுக்காமல் தங்கம் வென்றவர். தொழில்முறை வீரர்களுக்கு அதே கட்டடத்துக்குள் ஜார்ஜ் டிராகோஸ், லூ தெஸ் பெயர்களில் தனிப் புகழ் மண்டபம் இருக்கிறது. இரண்டையும் குழப்பி, கேபிளைத் தொழில்முறைச் சாம்பியன் ஆக்கிவிடாதீர்கள்.

ஏற்கெனவே வெளியிட்டவற்றைத் திருத்த நேரமில்லை என்றால், தாரா சிங் வரியை மட்டுமாவது முதலில் மாற்றிவிடுங்கள்.

அன்புடன்,
மல்யுத்த வரலாற்று வாசகர்கள்