தோட்டச் சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை: 2024 ஒக்டோபர் – 2025 செப்டெம்பர்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் நிர்வாகசபையினருக்கும் இன்று நேரம் ஒதுக்கி வந்திருக்கும் அங்கத்தவர்களுக்கும் வணக்கம்.

இந்த ஆண்டில் நிர்வாகசபை ஆறு முறை கூடியது. தைப்பொங்கல் விழா வழக்கம்போல் நடந்தது. மே மாதத்தில் கத்தரி, மிளகாய், பாகற்கன்றுகளைப் பகிர்ந்துகொண்டோம். ரொறன்ரோப் பக்கம் உள்ள ரூஜ் தேசிய நகர்ப்புறப் பூங்காவில் நடைப்பயணம் ஒன்று போனோம். பன்னிரண்டு பேர் வந்தார்கள். ஓகஸ்ட் ஒன்றுகூடல் மழையால் கைவிடப்பட்டது.

அந்துப்பூச்சிக் கூடுகளை நாங்கள் குளிர்காலம் முழுக்கப் பராமரித்ததைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. தோட்டச் சங்கத்துக்கு இது என்ன வேலை, இதற்கு ஏன் சங்கத்தின் பணம் என்று இரண்டு அங்கத்தவர்கள் எழுத்தில் கேட்டிருந்தார்கள். கேட்டதில் தவறில்லை. அதற்கான பதில் இந்த அறிக்கையில் இருக்க வேண்டும்.

சென்ற ஒக்டோபரில் ஓர் அங்கத்தவர் வீட்டுப் பின்வளவில் லைலாக் செடியை வெட்டிக்கொண்டிருந்தபோது கொப்போடு ஒட்டியபடி விரல் நீளத்தில் பழுப்பு நிறக் கூடு ஒன்று கண்ணில் பட்டது. காய்ந்த இலை என்று நினைத்து எறியப் போனோம். கையில் எடுத்தால் கனமாக இருந்தது. அது செக்ரோப்பியா. வட அமெரிக்காவுக்கே உரிய அந்துப்பூச்சிகளில் ஆகப் பெரியது. சிறகு விரித்தால் ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவான அகலம் வரும். எங்கள் இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் இருக்கும் அட்லஸ் அந்துப்பூச்சியும் இதே குடும்பம்தான். இந்த நாட்டில் முப்பது வருடமாக மண் கிண்டுகிற எனக்கு இப்படி ஒன்று பக்கத்திலேயே இருப்பது அன்றுதான் தெரிந்தது.

அதன் பிறகுதான் ஒக்டோபர் 26, சனிக்கிழமை, கூடு தேடும் நாள் வைத்தோம். பொலிபீமஸ் என்ற இன்னொரு வகை, இலையைச் சுற்றிக்கொண்டு கூடு கட்டும். பல நேரம் இலையோடு சேர்ந்து அந்தக் கூடும் கீழே விழுந்துவிடும். நாங்கள் வளவைக் கூட்டி, கடதாசிப் பைகளில் இலையை அடைத்து மாநகரசபை வண்டிக்கு வைக்கும்போது அதுவும் போய்விடுகிறது. பைகளைக் கட்டுவதற்கு முன் ஒரு தடவை கிளறிப் பாருங்கள் என்பதுதான் என் வேண்டுகோளாக இருந்தது. வாட்ஸ்அப் குழுவில் பதினெட்டுப் பேர் வருவதாகப் பதில் போட்டார்கள். வந்தது மூன்று பேர். வராதவர்களில் ஒருவராவது பிறகு காரணம் சொல்லியிருந்தால் இதை இங்கே எழுதியிருக்க மாட்டேன்.

அந்த மூன்று பேரோடு தேடியதில் பதினொரு கூடுகள் சேர்ந்தன. ஏழு செக்ரோப்பியா, நான்கு பொலிபீமஸ். ஆரம்பத்தில் வைக்கோல் கூடையில் போட்டுப் பின்படியில் வைத்தேன். ஒரே வாரத்தில் அணில் இரண்டைக் கிழித்துத் தின்றுவிட்டது. எலியும் மரங்கொத்தியும் அப்படித்தான். அப்புறம்தான் கம்பி வலை அடித்த பெட்டி செய்தேன். அந்த 58 டொலர் செலவுதான் கேள்விக்கு உள்ளானது. அதில் பாதியை நானே போட்டேன் என்பதையும் பதிவு செய்கிறேன்.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் கற்றதைச் சொல்கிறேன். கூட்டைக் கொப்பிலிருந்து பிய்க்கக் கூடாது. கொப்போடு வெட்டி எடுக்க வேண்டும். பெட்டியை வெயில் படாத வடக்குச் சுவரோரம் வைக்க வேண்டும். ஸ்நோ கொட்டுகிறதே, விறைத்துவிடாதா என்று வீட்டில் என்னைத் திட்டினார்கள். விறைக்காது. குளிர்காலம் நெருங்கும்போது கூட்டுப்புழுவின் உடலில் கிளிசரோல் சேர்ந்து, உறைபனியிலிருந்து அதைக் காக்கிறது. குளிரை விடக் காய்ந்துபோவதற்குத்தான் பயப்பட வேண்டும். கொஞ்சம் குளிர் விட்ட நாட்களில் மெல்லிதாகத் தண்ணீர் தெளித்தேன். அளவு மீறினால் பூஞ்சணம் பிடிக்கும். பிரிட்ஜில் வைப்பவர்களும் உண்டு, ஆனால் அதற்குள் காற்று மிகவும் உலர்ந்தது, அடிக்கடி ஈரம் பார்க்க வேண்டும். உள்ளே உயிர் இருக்கிறதா என்று அறிய, கூட்டைக் கையில் ஏந்திப் பார்த்தால் போதும். கனம் குறைந்து, வற்றல் போல உள்ளே கலகலத்தால் சரியில்லை.

ஒரு தவறு நடந்தது, அதற்கு நானே பொறுப்பு. பொங்கல் விழாவில் காட்டுவதற்காக ஒரு கூட்டை மண்டபத்துக்குக் கொண்டுபோனேன். பேரப்பிள்ளைகளுக்குக் காட்டிவிட்டுத் தருகிறேன் என்று ஓர் அங்கத்தவர் ஆசையாகக் கேட்டார். கொடுத்துவிட்டேன். ஹீற்றர் போட்ட வரவேற்பறையில் அது இருந்துவிட்டது. 1940களில் ஹார்வர்டில் கரோல் வில்லியம்ஸ் என்ற பூச்சி ஆராய்ச்சியாளர் இதே செக்ரோப்பியாவை வைத்து ஆராய்ந்து ஒன்றைக் கண்டறிந்தார். கூட்டுப்புழுவின் மூளை பல வாரங்கள் குளிரில் இருந்தால்தான் வளர்ச்சி மறுபடி தொடங்கும். எங்கள் கூட்டுக்கு அந்தக் குளிர் ஜனவரிக்குள்ளேயே கிடைத்துவிட்டது. வீட்டுச் சூடு கிடைத்ததும் வசந்தம் வந்துவிட்டதென்று அது நினைத்துக்கொண்டது. பெப்ரவரி கடைசியில் பெண் பூச்சி வெளியே வந்தது. வெளியே முழங்கால் அளவு ஸ்நோ. துணைக்கு ஆண் இல்லை, முட்டையிட இலை இல்லை. இந்தப் பூச்சிகளுக்கு உண்ணத் தகுந்த வாயும் கிடையாது, புழுவாக இருந்தபோது தின்றதை வைத்துத்தான் வாழும். எட்டாவது நாள் இறந்தது. அந்தக் குழந்தைகள் அழுததாக அவர் தொலைபேசியில் சொன்னார்.

மீதி எட்டில் ஒரு பொலிபீமஸ் காய்ந்துபோனது. ஒரு செக்ரோப்பியாக் கூட்டிலிருந்து பூச்சிக்குப் பதிலாக, அதை உள்ளிருந்தே தின்று வளர்ந்த சிறு குளவிகள் வந்தன. ஆறு பிழைத்தன. ஜூன் முதல் வாரத்தில் ஒரு காலை, தேத்தண்ணியோடு போய்ப் பார்த்தேன். சுருங்கிய சிறகோடு ஒன்று கொப்பில் தொங்கிக்கொண்டிருந்தது. தொங்குவதற்கு இடமில்லாவிட்டால் சிறகு சரியாக விரியாது; கொப்பைப் பிய்க்காதீர்கள் என்று மேலே எழுதியது அதனால்தான். பார்த்துக்கொண்டிருக்கும்போதே சிறகுகள் முழுதாக விரிந்தன. சிவப்பு உடம்பு, வெள்ளைப் பட்டிகள், சிறகில் பிறைகள். தேத்தண்ணி ஆறிப்போனது.

அது பெண். அன்றிரவு பெட்டிக்குள்ளேயே விட்டு, நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். விடிவதற்கு முன், மூன்றரை மணி அளவில், பெண் விடும் வாசனையைப் பிடித்து ஓர் ஆண் வந்து வலையில் மோதியது. அதற்குப் பிறகு இன்னும் இரண்டு. மைல் தூரத்திலிருந்துகூட வருமாம். எங்கள் தெருவில் எங்கோ அவை இவ்வளவு காலமும் இருந்திருக்கின்றன. கதவைத் திறந்துவிட்டேன். கேள்வி கேட்ட இரண்டு அங்கத்தவர்களும் அன்றைக்கு என் பக்கத்தில் இருந்திருக்க வேண்டும் என்று மனதார விரும்பினேன்.

கணக்கு விபரம் பொருளாளரிடம் உள்ளது. வரவும் செலவும் ஏறக்குறையச் சமன்; மண்டப வாடகை கூடியிருக்கிறது. அறுபத்தொரு அங்கத்தவர்களில் இருபத்தேழு பேர்தான் 20 டொலர் சந்தாவைச் செலுத்தியிருக்கிறார்கள். ஐந்து தடவை நினைவூட்டினேன். கன்றுகள் பகிர்ந்த நாளில் வரிசையில் நின்றவர்கள் இருபத்தேழு பேரை விட அதிகம் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

தலைவருக்கும் பொருளாளருக்கும், தேநீர் ஏற்பாடு செய்த மகளிருக்கும், ஒக்டோபர் 26 அன்று வந்த அந்த மூன்று பேருக்கும் நன்றி.

வரும் ஆண்டைப் பற்றி ஒன்று. டிசம்பரில் ஊருக்குப் போகிறேன், மார்ச்சில்தான் திரும்புவேன். இப்போதே பெட்டியில் நான்கு கூடுகள் இருக்கின்றன. வாரத்துக்கு ஒரு தடவை ஐந்து நிமிடம் பார்த்தால் போதும், தண்ணீர்ப் போத்தலும் நானே தருவேன். வீட்டில் வடக்குப் பக்கம் சுவரும், அணில் ஏறாத ஒரு மூலையும் இருப்பவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னோடு கதைக்கலாம். இன்று யாரும் முன்வராவிட்டால், நவம்பர் கடைசி வரை என் தொலைபேசி திறந்தே இருக்கும்.