முதலில் பாதத்தை அள, செல்வம்

சத்துவாச்சாரி,
மார்கழி 8

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது. பதில் தாமதமானதற்குக் கோபித்துக்கொள்ளாதே. ஆம்பூர் ஷூ கம்பெனியில் சாம்பிள் வேலை நெருக்கடி, வீட்டுக்கு வர இரவு ஒன்பது ஆகிவிடுகிறது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வாசல் கோலத்தில் எந்தப் புள்ளி விட்டுப்போயிற்று என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்கிறார்.

சரி, நீ கேட்ட விஷயம். பாப்பா ஸ்பீடு ஸ்கேட்டிங்கிலிருந்து, வரிசையாக வைத்த கோன்களுக்கு நடுவே வளைந்து வளைந்து ஓடுகிற ஃப்ரீஸ்டைலுக்கு மாற ஆசைப்படுகிறாள், இருக்கிற ஸ்கேட்ஸிலேயே பழகலாமா, புதிதாக வாங்குவதானால் வளர்கிற பிள்ளைக்கு இரண்டு சைஸ் பெரிதாக வாங்கவா என்று எழுதியிருந்தாய். இரண்டுமே வேண்டாம். பெரிய சைஸ் வாங்கியதன் பலனை என் பெண் அனுபவித்தாள். அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

போன வருஷம் கடைக்காரர் பேச்சைக் கேட்டு, பொத்தானை அழுத்தினால் நீளுகிற ஸ்கேட்ஸ் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். மூன்று வருஷத்துக்குக் கவலை இல்லை என்றார். இரண்டு மாதம் அவள் அதோடு போராடினாள். இடது கணுக்கால் உள்பக்கமாகச் சாயும். கணுக்கால் எலும்பின் மேல் காசு அளவுக்குக் கொப்புளம். ஒரு நாள் மாடிப்படியில் உட்கார்ந்து, "எனக்கு வராதுப்பா, விட்டுடலாம்" என்று அழுதுவிட்டாள். அன்று இரவு அந்த ஸ்கேட்ஸின் பூட்டை, அதாவது கால் நுழைகிற ஷூ பாகத்தை, கையில் எடுத்தேன். கம்பெனியில் ஷூவின் மேல்பாகத்தைச் சோதிப்போமே, அதே மாதிரி குதிகால் பக்கம் கட்டைவிரலை வைத்து அழுத்தினேன். அட்டைப்பெட்டி போல உள்ளே போய்விட்டது, செல்வம். குதிகாலைத் தாங்க உள்ளே வைக்கிற கெட்டித் தகடு, கவுண்டர் என்று ஒன்று இருந்தால்தானே! அவளைப் போடச் சொல்லிப் பார்த்தால், குதிகாலுக்குப் பின்னால் என் சுண்டுவிரல் தாராளமாக நுழைந்தது. தினமும் செருப்பும் ஷூவும் பார்க்கிறவன், மகளுக்கு வாங்கும்போது இதைப் பார்க்காமல் விட்டேனே என்று அன்று தூக்கம் வரவில்லை.

அதனால் நான் சொல்வது ஒன்றுதான்: ஸ்கேட்ஸும் முதலில் ஒரு ஷூ. வீலை மாற்றலாம், பேரிங்கை மாற்றலாம், வீல்களைத் தாங்குகிற சட்டமான ஃபிரேமைக்கூட மாற்றலாம். காலுக்குப் பொருந்தாத பூட்டை ஒன்றும் செய்ய முடியாது.

பெட்டியில் போட்டிருக்கும் சைஸ் எண்ணை நம்பாதே. உனக்குத்தான் தெரியுமே, ஐரோப்பிய சைஸில் ஒரு நம்பர் கூடினால் 6.67 மில்லிமீட்டர், இங்கிலீஷ் சைஸில் ஏறக்குறைய 8.5. ஒரே 36-ஐ ஒரு கம்பெனி ஒரு நீளத்திலும் இன்னொரு கம்பெனி வேறொரு நீளத்திலும் போடும். ஆகவே மில்லிமீட்டரில் அள. சாயங்காலம் அள, பகல் முழுக்க நடந்த கால் கொஞ்சம் பெருத்திருக்கும். சுவரோரமாக ஒரு வெள்ளைத்தாளை வை, குதிகால் சுவரில் ஒட்டி நிற்கட்டும், உடம்பின் கனம் முழுக்க அந்தக் காலில் இருக்கட்டும். பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்து நீண்ட விரலின் முனையில் கோடு போடு. இரண்டு காலையும் அள. என் பெண்ணுக்கு இடது 228, வலது 231 வந்தது. பெரிய காலுக்குத்தான் வாங்க வேண்டும்.

போட்டுப் பார்க்கும்போது நகம் வெட்டியிருக்க வேண்டும், மெல்லிய நீள சாக்ஸ் போதும். பக்கிளை எல்லாம் மாட்டி நேராக நின்றால் விரல் நுனி முன்பக்கத்தை லேசாகத் தொடும். முழங்காலை மடக்கினால் விரல் பின்னே வந்துவிடும், குதிகால் மேலே எழும்பக் கூடாது. இதுதான் சரியான பொருத்தம். பாதத்தின் மேல்வளைவில் சாய்வாக ஒரு பட்டை இருக்கிற மாடலாகப் பார், குதிகாலைப் பின்னால் இழுத்து உட்கார வைப்பது அதுதான். வாங்கிய உடனே வெளியே ஓட விடாதே. வீட்டிலேயே அரைமணி நேரம் போட்டுவிட்டுக் கழற்றி, எங்கே சிவந்திருக்கிறது என்று பார்.

அவளுடைய ஸ்பீடு ஸ்கேட்ஸ் ஏன் ஆகாது என்றால், அது நேராகப் பறக்கச் செய்த வண்டி. பூட் கணுக்காலுக்குக் கீழேயே நின்றுவிடும், வீல் 110 மில்லிமீட்டர், ஃபிரேம் நீளம். ஃப்ரீஸ்டைலில் கோன்களை 50, 80, 120 சென்டிமீட்டர் இடைவெளியில் வைப்பார்கள். 80 சென்டிமீட்டருக்குள் அந்த நீளத்தைத் திருப்பக் கால் தவித்துப்போகும். ஃப்ரீஸ்டைலுக்குக் கணுக்காலைப் பிடிக்கிற உயரமான பூட், குட்டையான அலுமினிய ஃபிரேம். 80 மில்லிமீட்டர் வீல் நாலு போட வழக்கமாக 243 மில்லிமீட்டர் ஃபிரேம், 76 என்றால் 231. பாப்பாவின் கால் சின்னது, 231 நன்றாக இருக்கும். குதிகாலில் பிரேக் ரப்பர் வேண்டாம், கால் பின்னும்போது இடிக்கும். வேறு விதமாக நிற்க அவளுக்குத்தான் ஏற்கெனவே தெரியுமே.

அப்புறம் ராக்கரிங். எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது. நாலு வீலும் ஒரே அளவு என்றால் நாலும் தரையில் படும். முனை வீல்கள் இரண்டும் 76, நடு வீல்கள் 80 என்று வைத்தால் முனைகள் 2 மில்லிமீட்டர் தூக்கி நிற்கும். மரக்குதிரையின் அடிக்கட்டை எப்படி வளைந்திருக்கும், அந்த மாதிரி. ஒரு நேரத்தில் இரண்டு வீல்தான் தரையில், அதனால் பாதம் பம்பரமாகத் திரும்பும். முதல் வாரம் முன்னும் பின்னும் ஆடும், பயப்பட வேண்டாம் என்று சொல். ஓட ஓட நடு வீல் சீக்கிரம் தேயும். தேய்ந்ததை முனைக்கு மாற்றி, புதியதை நடுவில் போட்டால் காசும் வீணாகாது. 231 ஃபிரேமில் நடுவே 76, முனையில் 72 என்று இதே கணக்கு.

வீலின் கடினம் 84ஏ, 85ஏ என்று போட்டிருக்கும், அது போதும். ஏபெக் 9 என்று பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருந்தால் அதற்காகக் கூடுதல் காசு கொடுக்காதே. அது பேரிங்கை எவ்வளவு துல்லியமாகக் கடைந்தார்கள் என்பதற்கான எண், வேகத்துக்கானது இல்லை. வீலுக்கு இரண்டாக மொத்தம் 16 பேரிங், 608 என்று கேட்டால் சாதாரண பேரிங் கடையிலேயே கிடைக்கும்.

எஃப்ஆர், பவர்ஸ்லைடு, ரோலர்பிளேடு, ஃப்ளையிங் ஈகிள் எல்லாருமே ஃப்ரீஸ்டைலுக்கு ஏற்ற பூட் செய்கிறார்கள். பெயரைவிட, ஃபிரேம் போல்ட்டில் கழன்று வருகிறதா என்று பார். பக்கவாட்டில் கொஞ்சம் நகர்த்தும் வசதி இருந்தால் இன்னும் நல்லது. என் பெண்ணின் இடது ஃபிரேமை இம்மி அளவு உள்பக்கம் தள்ளியதும் கணுக்கால் நேராகிவிட்டது. கார்பன் பூட் இப்போது வேண்டாம், வளர்ந்து முடியட்டும்.

இங்கே மார்கழியில் முகூர்த்தம் இல்லையே, எங்கள் தெருக்கோடி மண்டபத்துக்காரர் சாயங்காலம் ஹாலைத் திறந்துவிடுகிறார். மொசைக் தரையை ஈரத்துணியால் துடைத்துவிட்டு, 80 சென்டிமீட்டருக்கு ஒரு சாக்பீஸ் புள்ளி வைத்து, இருபது பேப்பர் டீ கப்பைக் கவிழ்த்து வைப்போம். மொத்தம் 15 மீட்டர் சொச்சம் வரும். நேற்று ஒரு கப்பைக்கூடத் தட்டாமல் கடைசிவரை போனாள். கடைசிக் கப்பைத் தாண்டியதும் திரும்பி என்னைப் பார்த்தாள் பார், அந்த முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும்.

2025 செப்டம்பரில் சென்னைப் பையன் ஆனந்த்குமார் வேல்குமார் சீனாவில் உலக சாம்பியனானதிலிருந்து, இங்கே யாரிடம் கேட்டாலும் ஸ்பீடு ஸ்பீடு என்கிறார்கள். எனக்கும் பெருமைதான். ஆனாலும் உன் பெண் கோன் பக்கம் மனசு வைத்தால் தடுக்காதே. ஸ்பீடில் வந்த முழங்கால் மடக்கும் சமநிலையும் இதிலும் கை கொடுக்கும்.

இரண்டு காலின் கோடு போட்ட தாளை அப்படியே எனக்கு அனுப்பு. வாங்குவதற்கு முன்னால், விற்கிறவரிடம் லைனரின், அதாவது பூட்டுக்குள் இருக்கும் மெத்தை உறையின், உள்நீளத்தை மில்லிமீட்டரில் கேட்டு எழுது, நான் பார்த்துச் சொல்கிறேன். பொங்கலுக்குக் குடும்பத்தோடு வாயேன். தை முதல் முகூர்த்தம் வரை மண்டபம் நம்முடையதுதான். தங்கச்சி கேட்ட முள்ளுக்கத்தரிக்காயும் ஆற்காடு மக்கன் பேடாவும் வாங்கி வைக்கிறேன்.

அன்புடன்,
குமரேசன்