பூட்டிய வீட்டுச் சாவியைக் கேட்டு ஒரு கடிதம்

அன்புள்ள அண்ணனுக்கு,

முன்னோருக்குப் படையல் போடும் படைப்புக்கு வந்திருந்தபோது உங்களோடு உட்கார்ந்து பேச வாய்க்கவில்லை. வீடு கொள்ளாத பங்காளிகள், முற்றத்தைச் சுற்றிய வளவு முழுக்கப் பந்தி. மறுநாள் மாலை கடைசிக் கார் கிளம்பியதும் காவல்காரர் முகப்புக் கதவைச் சாத்தி, அந்தப் பெரிய இரும்புச் சாவியால் பூட்டிவிட்டுப் போனார். இனி யார் வீட்டுக் கல்யாணத்துக்காவது திறந்தால்தான் உண்டு.

வெளியூரிலிருந்து வந்து தங்க நினைப்பவர்களுக்கு வாடகைக்கு விட, அந்தச் சாவியைக் கேட்டுத்தான் எழுதுகிறேன். முழு வீடும் வேண்டாம். முகப்பை ஒட்டிய இரண்டு அறையும் பின்கட்டுக் குளியலறையும் போதும். உங்களுக்கு மட்டும் அனுப்பியிருக்கலாம். ஆனால் செட்டிநாட்டில் இதே பூட்டு எத்தனையோ கதவுகளில் தொங்குகிறது. அந்த வீட்டுக்காரர்களும் படிக்கட்டும் என்றுதான் பொதுவில் போடுகிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

“ஊர்ல இளவட்டமே கண்ணுல படலையேப்பா” என்றீர்கள். படித்தவர்கள் கோயம்புத்தூர், சென்னை, சிங்கப்பூர் என்று போய்விட்டார்கள். அவர்களைத் திட்டி என்ன ஆகப்போகிறது? வரத் தயாராக இருப்பவர்களையாவது உள்ளே விடலாமே.

வெளியாளைக் கூட்டிவந்து ஊரை வளர்ப்பது நமக்குப் புதிதா என்ன? அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால்தான் சிக்ரி என்ற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் காரைக்குடிக்கு வந்தது. 1948இல் நேரு அடிக்கல் நாட்டினார், 1953இல் திறந்தார்கள். எங்கெங்கிருந்தோ விஞ்ஞானிகள் இந்தப் பொட்டலுக்கு வந்து குடும்பம் நடத்தினார்கள். ஆள் வரட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று அந்த மனுஷன் உட்கார்ந்திருக்கவில்லை.

போன வருஷம் சென்னையிலிருந்து ஒரு பெண் வந்தார். குழந்தைப் புத்தகங்களுக்குப் படம் வரைபவர். பல்லவன் ரயிலில் வந்து ராத்திரி இறங்கியவரை நான்தான் லாட்ஜில் கொண்டுபோய் விட்டேன். ஆறு மாதம் தங்கி தரையில் பதிக்கிற ஆத்தங்குடிப் பூக்கல் செய்யப் பழக வேண்டும் என்று ஆசை. வரைகிற வேலையை எங்கிருந்தும் அனுப்பலாம்; வரும்படி வெளியூரிலிருந்து வரும், செலவு இங்கே ஆகும். ஊருக்கு வேறென்ன வேண்டும்?

மறுநாளே பட்டறைக்குக் கூட்டிப் போனேன். குந்தியிருந்த அக்கா ஒரு கண்ணாடியைத் துடைத்து, மேலே சட்டத்தை வைத்து, அச்சின் கண் ஒவ்வொன்றிலும் கரண்டியால் சாயச் சிமெண்டை ஊற்றினார். சிவப்பு, பச்சை, மஞ்சள். அச்சை அலுங்காமல் தூக்கிவிட்டு, சிமெண்டும் மணலும் தூவி, மேலே கலவையை வைத்து அழுத்தினார். சூளையே கிடையாது. காய்ந்து, தண்ணீர்த் தொட்டியில் சில நாள் ஊறியெடுத்தபின் கண்ணாடி விலகும். அந்த வழவழப்பு கண்ணாடி கொடுத்தது. நம்ம பெண் நோட்டைத் திறந்து தான் வரைந்திருந்த நுங்குக் குலையைக் காட்டினார். அக்கா ஒரு பார்வை பார்த்தார். அச்சு இல்லாமல் வெறும் கரண்டியாலேயே அதைக் கண்ணாடியில் ஊற்றிவிட்டார். “அதே பூவ எத்தனை வருஷந்தான் ஊத்துறது?” என்று சிரிப்பு வேறு.

அப்புறம் வீடு தேடினோம். எட்டு வீடு. “கல்யாணம் ஆகலையா?” “கவிச்சி சமைப்பீங்களா?” கடைசியில் குரலைத் தாழ்த்தி, “என்ன ஆளுக?” அதற்கு அவரும் பதில் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. ஒன்பதாம் நாள் விடிகாலைப் பல்லவனில் ஏறிவிட்டார்.

ஜப்பானில் ஷிகோகு தீவின் மலைக்குள் கமியாமா என்று ஓர் ஊர். சுமார் 5,000 பேர். நம்மூர் மாதிரியே வயசாளிகளும் பூட்டிய வீடுகளும். 1999 முதல் அந்த ஊர்க்காரர்கள் வருஷத்துக்குச் சில கலைஞர்களை அழைத்துத் தங்கவைத்து, கூடமாட ஒத்தாசை செய்தார்கள். 2010இல் சான்சான் என்ற டோக்கியோ நிறுவனம் அங்கே ஒரு பழைய வீட்டில் கிளை போட்டது. பிறகு வேறு கம்பெனிகளும் வந்தன. எனக்குப் பிடித்தது அவர்கள் வீடு கொடுத்த விதம். இந்த வீடு ரொட்டி சுடுகிறவருக்கு, அது இணையதளம் வடிவமைப்பவருக்கு என்று ஊரில் எந்தக் கை இல்லையோ அதைச் சொல்லியே ஆள் கேட்டார்கள். ஊரே நிமிர்ந்துவிட்டது என்று அளக்க மாட்டேன், மக்கள்தொகை இன்னும் குறைந்துகொண்டுதான் இருக்கிறது. ஆனாலும் புதிதாகக் கடை திறக்க ஆள் வருகிறார்கள்.

வீட்டை ஹோட்டலாக்கலாம் என்று உங்கள் மாப்பிள்ளை சொன்னது காதில் விழுந்தது. ஓடும்தான். ஆனால் இரண்டு நாள் தங்கி முற்றத்தில் போட்டோ எடுத்துக்கொண்டு போகிறவருக்கு நம்ம தச்சர் யாரென்று தெரியாது. ஒரு வருஷம் குடியிருப்பவர் பால்காரரிடம் கணக்கு வைப்பார், கண்டாங்கிச் சேலை நெய்கிறவரிடம் கட்டம் மாற்றிக் கேட்பார், என் கடையில் பிரிண்ட் எடுப்பார். (சுயநலம்தான், மறைப்பானேன்.)

பங்காளிகள் பதினாலு பேர் கையெழுத்து வேண்டும் என்பீர்கள். பதினோரு மாத ஒப்பந்தம், மாதம் நாலாயிரம் வாடகை, படைப்பு, கல்யாணம் என்றால் அறையை ஒழித்துக் கொடுப்பது என்று ஒரு தாளில் எழுதியே வைத்திருக்கிறேன். அந்தப் பெண்ணிடம் நேற்றுப் பேசினேன். தை பிறந்ததும் வருகிறேன் என்கிறார். ‘என்ன ஆளுக’ என்று நீங்கள் கேட்க மாட்டீர்கள் என்று சொல்லியிருக்கிறேன்.

இன்னொன்று. இரண்டாவது அறையில் ஓடு விலகி ஒழுகுகிறது. ஐப்பசி மழைக்குள் ஆளை ஏற்றிச் சரிபார்க்க வேண்டும். அதற்காவது சாவியை அனுப்பிவையுங்கள்.

அன்புடன்,
தம்பி