மண்டபத் திருப்பணி நிறைவு அறிக்கை

மதிப்பிற்குரிய உறுப்பினர்களுக்கு வணக்கம். பினாங்கில் உள்ள நம் ஆலய மண்டபத்தில், சக்கர நாற்காலியில் வருவோருக்கான சாய்தளமும் கழிவறையும் அமைக்கும் பணி இறையருளால் நிறைவுற்றதைத் திருப்பணிக் குழு மகிழ்வுடன் தெரிவித்துக்கொள்கிறது.

இப்பணிக்கு வித்திட்டது சென்ற ஆண்டுக் கூட்டத்தில் நம் மூத்த உறுப்பினரான அம்மையார் ஒருவர் சொன்ன சொல். வீட்டுக்கான மதிப்பீட்டு வரி தொடர்பாக ஓர் அலுவலகத்துக்குச் சென்றபோது, வாசலில் படிகள் இருந்ததால் மகன் மட்டும் உள்ளே போய்ப் பேச, வரி செலுத்தும் தாம் வெளியே வெயிலில் காத்திருந்ததைச் சொல்லிவிட்டு, “அங்கேயும் மூன்று படி, நம் மண்டபத்திலும் மூன்று படிதானே?” என்று கேட்டார். கூட்டத்தில் யாரிடமும் பதில் இல்லை.

மலேசியாவின் 2008ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம், 26ஆம் பிரிவில், பொதுக் கட்டடங்களையும் சேவைகளையும் மற்றவருக்குச் சமமாகப் பயன்படுத்தும் உரிமையை வழங்குகிறது. ஆயினும் அவ்வுரிமையை மறுப்பவருக்கு அதில் தண்டனை இல்லை. கூட்டரசு அரசியலமைப்பின் 8(2) விதி சமயம், இனம், வம்சாவளி, பிறப்பிடம், பாலினம் ஆகியவற்றின் பேரில் பாகுபாடு கூடாது என்கிறது. உடற்குறை அந்த வரிசையில் இடம்பெறவில்லை. சட்டம் இவ்வளவில் நிற்கும்போது, ஊராட்சி மன்றத்திடம் உரிமை கேட்கப் போகிறவர்கள் முதலில் தம் வாசலைச் சரிசெய்வதே முறை என்று குழு முடிவு செய்தது.

மூன்று படிகளின் உயரம் ஒன்றரை அடி. ஓர் அடி ஏற்றத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்ற கணக்கில் சாய்தளம் 18 அடி இருக்க வேண்டும். கட்டுமானக் குத்தகையாளரோ இடம் மிச்சமாகும் என்று 12 அடியில் முடித்துவிட்டார். அம்மையார் அதில் ஏறிப் பார்த்தபோது பாதி வழியில் சக்கரம் பின்னோக்கி உருண்டது. இருவர் ஓடித் தாங்கினோம். சக்கர வளையத்தை இறுக்கிப் பிடித்த அவருடைய உள்ளங்கை சிவந்து கன்றியிருந்தது. தளம் வார்க்கப் பலகை அடித்தபோதே அளந்து பார்க்காதது எங்கள் தவறு. அதற்காக மன்னிப்புக் கோருகிறோம். இடித்துக் கட்டிய செலவில் குத்தகையாளர் ஏற்றது போக எஞ்சியதை, ஆலய நிதியைத் தொடாமல், குழுவினரே பகிர்ந்துகொண்டோம். தளத்துக்குப் பளபளப்பான கருங்கல் தர முன்வந்த அன்பர், மழையில் வழுக்கும் என்று எடுத்துச் சொன்னதும், சொரசொரப்பான கல்லுக்கு மனமுவந்து இசைந்தார். அவருக்கு நம் நன்றி.

கழிவறைக் கதவு வெளிப்புறமாகத் திறக்கும். உள்ளே ஒருவர் விழுந்துவிட்டால், உட்புறம் திறக்கும் கதவை அவர் உடலே தடுத்துவிடும் என்பதே காரணம். நாற்காலி முழுவதும் திரும்ப ஒன்றரை மீட்டர் இடம் விடப்பட்டுள்ளது. இருபுறமும் கைப்பிடி உண்டு.

வரவு செலவுக் கணக்கு ஆலய அலுவலகத்தில் பார்வைக்கு உள்ளது.

நம் வாசலிலிருந்து பேருந்து நிறுத்தம்வரை அஞ்சடி எனும் கடையோர நடைபாதை ஏற்ற இறக்கமாக இருப்பதையும், ஓரிடத்தில் கால்வாய் மூடியின்றிக் கிடப்பதையும் படங்களுடன் எழுதி ஊராட்சி மன்றத்தில் நேரில் சேர்த்துள்ளோம். முதல் கையொப்பம் அம்மையாருடையது.

கடைசியாக, உறுப்பினர்களிடம் ஒரு வேண்டுகோள். திருவிழாக் காலங்களில் வாளிகளையும் பூக்கூடைகளையும் அந்தக் கழிவறையில் வைக்க வேண்டாம். அதற்குப் பூட்டும் போடப்படவில்லை.

திருப்பணிக் குழு