சிவனொளிபாத மலைக்கு ஆட்களைக் கூட்டிப் போகிறவர்களுக்கு ஒரு மடல்

யாழ்ப்பாணத்துச் சனசமூக நிலையங்கள், விளையாட்டுக் கழகங்கள், ஆலயத் தொண்டர் சபைகளின் நிர்வாகத்தினருக்கு வணக்கம்.

டிசம்பர்ப் பூரணையில் தொடங்கும் மலைப் பருவம் வெசாக் வரை நீளும். நீங்கள் போடும் பயண ஒழுங்கு பெரும்பாலும் ஒரே மாதிரித்தான்: வெள்ளி காலை வெளிக்கிட்டு, இரவு மலையடிவாரத்து நல்லதண்ணியில் இறங்கி, அந்த இரவே ஏறி, சனி காலை இறங்கியதும் நுவரெலியா. இதை மாற்றுங்கள் என்று கேட்கத்தான் இம்மடல்.

யாழ்ப்பாணத்திலிருந்து கண்டி, ஹட்டன், மஸ்கெலியா வழியாக நல்லதண்ணி 400 கிலோமீற்றருக்கு மேல். அத்தனை தூரம் மடங்கி இருந்த கால்கள் உடனே 5,000க்கு மேற்பட்ட படிகளை ஏற வேண்டியிருக்கிறது. சாரதியும் நித்திரையில்லாமல் ஹட்டன் வளைவுகளில் திரும்பி ஓட வேண்டும். எங்களுக்கு மலையைவிடப் பயம் அதுதான்.

இரவில் வெளிக்கிட்டுக் காலையில் நல்லதண்ணி சேருங்கள். பகல் முழுக்க எல்லோரும் படுக்கட்டும், சாரதி முதலில். இரவு ஏழு மணிக்கு இடியப்பமோ சோறோ அளவாகச் சாப்பிட்டால் போதும். பத்து மணிக்குக் கொத்து ரொட்டி தின்றவர்தான் வழியிலுள்ள சீதகங்குல ஓடையைத் தாண்டியதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குந்துவார்.

சாதாரண நாளில் அதிகாலை இரண்டு மணிக்கு ஏறத் தொடங்கினால் போதும். மூன்று, நான்கு மணித்தியாலத்தில் உச்சி. பூரணையிலும் வார இறுதியிலும் கடைசிப் படிகளில் வரிசை அசையாது, எத்தனை மணிக்கு ஏறினாலும் கணக்குப் பிழைக்கும். ஆகவே வார நாளைத் தெரிவுசெய்யுங்கள்.

நேரத்தோடு உச்சிக்குப் போய்விடுவதும் ஆபத்து. உயரம் 2,243 மீற்றர், விடியுமுன் காற்று வெட்டும். ஏறும்போது உடம்பு கொதிப்பதால் சேர்ட் பிழியப் பிழிய நனைந்திருக்கும். அந்த ஈரத்தோடு இரண்டு மணித்தியாலம் நின்றால் பல்லுக் கிட்டிவிடும். ஸ்வெற்றரைப் போட்டுக்கொண்டு ஏறவே வேண்டாம். அதையும் ஒரு காய்ந்த சேர்ட்டையும் பையில் வைத்து, உச்சிக்குக் கீழேயுள்ள கடைசித் தேத்தண்ணிக் கடையில் மாற்றச் சொல்லுங்கள். வழிக் கடைகளில் ஐந்து நிமிடத்துக்கு மேல் உட்கார விடாதீர்கள். குளிர்ந்த தொடை மறுபடி எழும்பாது.

ஆளுக்கு ஒரு லீற்றர் தண்ணீர், ஒரு பைக்கற் ஜீவனி (தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்புத் தூள்), டோர்ச், பழகிய சப்பாத்து. புதுச் சப்பாத்து வேண்டாம். மூச்சிழுப்பு உள்ளவரின் பம்ப் அவருடைய சட்டைப் பையில் இருக்க வேண்டும், வாகனத்தில் அல்ல. இருதய வருத்தம் உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்காமல் பெயர் கொடுக்க வேண்டாம்.

இறக்கந்தான் முழங்காலைத் தின்பது. படிகள் ஒரே உயரமில்லை, சில அரை முழம் இருக்கும். கைபிடியைப் பிடித்து, சற்றுப் பக்கவாட்டாக, குதிக்காமல் இறங்க வேண்டும். முதல் நாளே கால் நகத்தை வெட்டாவிட்டால் பெருவிரல் சப்பாத்து நுனியில் இடித்து இடித்துக் கறுத்துவிடும். குடாநாட்டில் ஏறிப் பழகக் குன்றில்லை, பண்ணைப் பாலத்தில் நடப்பதும் இதற்கு உதவாது. மூன்று கிழமைக்கு முன்பே, ஒருநாள் விட்டு ஒருநாள், மாடிக் கட்டடமொன்றில் அரை மணித்தியாலம் ஏறி இறங்கப் பழக்குங்கள். இறங்கும் பழக்கம் முக்கியம்.

இரத்தினபுரிப் பக்கமாகப் பலாபத்தல வழியும், குருவிட்டவிலிருந்து எரத்ன வழியும் உண்டு. இரண்டும் காட்டுக்குள்ளால் நீளமாகப் போகும், ஈரம் இருந்தால் அட்டை மொய்க்கும். பிள்ளைகளும் வயதானவர்களும் உள்ள குழுவுக்கு நல்லதண்ணியே சரி. பருவம் முடிந்தபின் வழிவிளக்கும் கடைகளும் இராது, மழையும் காற்றும் பிடிக்கும். அப்போது கூட்டிப் போகவே வேண்டாம்.

சூரியன் எழும்பியதும் எல்லோரும் கிழக்கையே பார்த்து நிற்பார்கள். மேற்கே திரும்பச் சொல்லுங்கள்: முக்கோணமாக மலையின் நிழல் மூடுபனிமேல் விழுந்திருக்கும், வெயில் ஏற ஏறச் சுருங்கிவிடும். கொண்டுபோன பொலித்தீனும் வெறும் போத்தலும் திரும்பக் கீழே வரட்டும், அது காப்புக் காடு.

அடுத்த அறிவித்தலை அச்சிடுமுன் பயண ஒழுங்கில் அந்த ஒரு பகலைச் சேர்த்துவிடுங்கள். நுவரெலியாவை வெட்டினால் இடம் கிடைக்கும்.

இப்படிக்கு,
மலை யாத்திரைக்கு வழிகாட்டும் யாழ்ப்பாணத்து நண்பர்கள்