மாங்கிஃபெரின் டாக்கிங்: தர்மபுரி நண்பனுக்கு ஒரு கடிதம்
கிருஷ்ணகிரி

அன்பு நண்பா,

கடிதம் கிடைத்தது. உன் மாணவி மாந்தோலிலுள்ள மாங்கிஃபெரின் என்ற இயற்கை மூலக்கூறை, புற்றுநோய் வளர்ச்சியில் பங்குள்ள ஈஜிஎஃப்ஆர் புரதத்தோடு கணினியில் பொருத்திப் பார்ப்பது (டாக்கிங்) எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. இங்கே சந்தூர் பக்கம் பெங்களூரா மாம்பழ வரத்து தொடங்கிவிட்டது. கூழ் ஆலைகளில் தோலும் கொட்டையும் குவியும் காலம். அதில் என்ன இருக்கிறதென்று நம் பிள்ளைகள்தான் தேட வேண்டும். ஆனால் பிணைப்பு மதிப்பெண் -9.1 (எண் எவ்வளவு கீழே போகிறதோ அவ்வளவு வலுவான பிணைப்பு என்று கணிப்பு) கிடைத்ததை வைத்து இப்போதே கட்டுரை எழுத வேண்டாம்.

முதலில், அதே புரதத்தைத் தடுக்கும் எர்லோட்டினிப் என்ற புற்றுநோய் மருந்தை டாக்கிங் செய்யச் சொல். 1எம்17 என்ற எண்ணில் பதிவான ஈஜிஎஃப்ஆர் படிக அமைப்பில் அந்த மருந்து ஏற்கெனவே இருக்கிறது. அதை நீக்கி, தண்ணீரை எடுத்து, ஹைட்ரஜன் சேர்த்து, புதிதாகக் கட்டிய எர்லோட்டினிப் வடிவத்தை அதே குழிக்குள் விட வேண்டும். படிக நிலையிலிருந்து அணுக்களின் சராசரி விலகல் (ஆர்எம்எஸ்டி) 2 ஆங்ஸ்ட்ராமுக்குள் வந்தால்தான் மேலே போகலாம். வராதவரை மாங்கிஃபெரினின் எண்ணுக்கு அர்த்தமில்லை.

புரதம் முழுவதையும் தேடல் பெட்டிக்குள் அடைத்திருக்கிறாள் என்று எழுதியிருந்தாய். கோளாறு அங்கேதான். பக்கத்துக்கு 30 ஆங்ஸ்ட்ராமைத் தாண்டினால் டாக்கிங் செய்யும் ஆட்டோடாக் வினா மென்பொருளே எச்சரிக்கும். அவ்வளவு இடத்தில் தேடல் நீர்த்துப்போய், ஒவ்வொரு ஓட்டத்திலும் வேறு விடை வரும். மருந்து இருந்த இடத்தை மையமாக வைத்து 22 ஆங்ஸ்ட்ராம் போதும். எவ்வளவு ஆழமாகத் தேட வேண்டும் என்று சொல்லும் எக்ஸாஸ்டிவ்னஸை 8-லிருந்து 32-க்கு உயர்த்தட்டும்.

இன்னொன்று, 1எம்17-இல் மருந்து பிணையும் அமினோ அமிலம் மெத்தியோனின் 769 என்று இருப்பதும் பல கட்டுரைகளில் 793 என்று வருவதும் ஒன்றேதான். புரதம் உருவாகும்போது முன்னால் இருந்து பிறகு வெட்டப்படும் சிக்னல் பெப்டைடின் 24 அமினோ அமிலங்களைச் சேர்த்து எண்ணுவதா வேண்டாமா என்பதுதான் வித்தியாசம். கவனிக்காவிட்டால் பழைய பிணைப்பையே புதிது என்று எழுதிவிடுவாள்.

வினா வளையங்களை மடக்காது. அதனால் மாங்கிஃபெரினின் குளுக்கோஸ் வளையம் தொடக்கத்திலேயே சரியான நாற்காலி வடிவில் இருக்க வேண்டும். அந்தக் குளுக்கோஸ் கார்பன்-கார்பன் பிணைப்பில் ஒட்டியிருப்பதால் வயிற்று அமிலம் அதை எளிதில் பிரிக்காது. குடல் பாக்டீரியாக்கள்தான் பிரித்து குளுக்கோஸ் நீங்கிய வடிவமான நோராதிரியோலைத் தருகின்றன. மாங்கிஃபெரின் முழுசாக இரத்தத்தில் சேர்வதோ மிகக் குறைவு. ஆகவே நோராதிரியோலைக் கட்டாயம் சேர்க்கச் சொல். இந்த ஆய்வின் உயிரே அதில்தான் இருக்கிறது என்பேன். எண்ணிலும் பார்: ஹைட்ரஜன் தவிர்த்து மாங்கிஃபெரினில் 30 அணுக்கள், -9.1-ஐ வகுத்தால் அணுவுக்கு 0.30. நோராதிரியோலில் 19-தான், அது -8 வாங்கினாலே 0.42. பெரிய மூலக்கூறுக்கு வினா தாராளமாகவே மதிப்பெண் போடும். அதன் கணிப்புப் பிழையும் ஏறக்குறைய 2.85 கிலோகலோரி. -9.1 வென்றது, -8.6 தோற்றது என்றெல்லாம் சொல்ல முடியாது.

பிறகு மூலக்கூறுகளின் அசைவைக் கணிக்கும் குரோமாக்ஸ் மென்பொருளில் 100 நானோசெகண்ட் ஓட்டலாம். ஒரே ஓட்டத்தை நம்பாமல், தொடக்க வேகங்களை மாற்றி மூன்று முறை. அணுக்களுக்கிடையிலான விசையைக் கணக்கிடும் விதித்தொகுப்பில் (விசைப்புலம்), சார்ம்36 புரதத்துக்கு என்றால் மூலக்கூறுக்குச் சிஜென்எஃப்எஃப். ஆம்பர் என்றால் காஃப். இரண்டையும் கலக்கக் கூடாது.

புரதத்தின் செயலை ஆய்வகத்தில் அளக்கும் கைனேஸ் சோதனைக்குப் போகும்போது, மாங்கிஃபெரின், நோராதிரியோல் இரண்டிலும் கேட்டக்கால் (அடுத்தடுத்து இரண்டு ஓஎச் கொண்ட வளையம்) இருப்பதை நினைவில் வைக்கட்டும். அது சோதனைக் குழாயில் ஆக்சிஜனேற்றமாகி, தடுக்காத புரதத்தையும் தடுத்ததுபோலக் காட்டும். தலைப்பில் 'குணப்படுத்தும்' என்ற சொல்லையும் எடுத்துவிடு. நோயாளியின் வீட்டில் யாராவது அதைப் படித்து மருந்தை நிறுத்திவிடக் கூடாது.

பெட்டியின் மைய எண்களையும் கான்ஃபிக் கோப்பையும் அனுப்பு. இங்கே ஒருமுறை ஓட்டிப் பார்த்து எழுதுகிறேன்.

அன்புடன்,
உன் நண்பன்