மார்கழிக்கு வாப்பா

அன்புள்ள செந்திலுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். ஜூலை லீவுக்கு வருவதாகப் போனில் சொன்னாய். முடிந்தால் கிறிஸ்துமஸ் லீவுக்கு மாற்றிக்கொள்ளப்பா. ஆடியில் வந்தால் பாப்பா பார்க்கப்போவது வெடித்துக் கிடக்கிற கண்மாயும் சீமைக்கருவேலமும்தான். ஐப்பசி, கார்த்திகை மழையில் கண்மாய் பெருகின பிறகுதான் பறவைகள் வந்து இறங்கும். மார்கழி, தையில் கூட்டில் குஞ்சும் இருக்கும்.

விடிகாலையில் அவளைச் சாமநத்தம் கண்மாய்க் கரைக்குக் கூட்டிப்போக வேண்டும். நத்தைகுத்தி நாரையை அவள் கிட்டத்தில் பார்க்கணும் என்று எனக்கு ரொம்ப ஆசை. அலகை மூடினாலும் நடுவில் பாக்குவெட்டி மாதிரி இடைவெளி தெரியும். சேற்றில் துழாவி நத்தையை எடுத்து, கீழ் அலகின் நுனியை உள்ளே விட்டுச் சதையை உருவிவிடும். ஓடு பெரும்பாலும் உடைவதில்லை. கரையோரம் கிடந்த ஒன்றைக் கழுவி அவளுக்காக எடுத்து வைத்திருக்கிறேன். குஞ்சுக்கு அந்த இடைவெளி கிடையாது, வளர வளரத்தான் வரும். முன்பல் விழுந்து நிற்கிறவளுக்கு இதைச் சொல், சிரிப்பாள். பாம்புத்தாரா நீந்தும்போது உடம்பு தண்ணீருக்குள் இருக்கும், கழுத்து மட்டும் நெளியும். பாம்பென்று பயந்துவிடப் போகிறாள், அதையும் முன்னாலேயே சொல்லிவை.

ஒருநாள் வேட்டங்குடிக்கும் போவோம். மேலூர் தாண்டி, திருப்பத்தூர் ரோட்டில் இருக்கிறது. 1977லிருந்து சரணாலயம். தண்ணீருக்குள் நிற்கிற கருவேல மரங்களில் கூடு கட்டியிருக்கும். பக்கத்துக் கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள் தீபாவளிக்குக்கூட வெடி போடுவதில்லை, பறவைகள் மிரண்டு கூட்டை விட்டுப் போய்விடும் என்று. ஆசைப்படுகிற வயசுப் பிள்ளைகளும் அதற்குக் கட்டுப்பட்டு இருக்கிறார்களே, அந்தப் பிள்ளைகளோடு பாப்பா கொஞ்ச நேரம் பேசணும். பறவையைவிட எனக்கு அதுதான் முக்கியம்.

அவளுக்குச் சின்னதாக ஒரு பைனாகுலர் வாங்கி வா. 8 மடங்கு போதும். 10 மடங்கென்றால் பிள்ளை கையில் படம் ஆடிக்கொண்டே இருக்கும், ஒன்றும் நிலைத்துத் தெரியாது. பளிச்சென்ற சட்டை வேண்டாம், பச்சையோ காக்கியோ எடுத்து வை.

அப்புறம், மாமாவிடம் காருக்குச் சொல்லிவைக்கிறேன். காலையில் ஐந்தரைக்கே கிளம்பணும், முந்தின ராத்திரி போனைப் பிடுங்கி வைத்துவிட்டு இரண்டு பேரும் சீக்கிரம் படுங்கள்.

அன்புடன்,
அம்மா